உன் பெரியம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை

பாப்பா,

நேற்று நீ போனில் பேசியதை முழுவதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நடுவில் என் சத்தம் வரவில்லை என்றதும் சிக்னல் போய்விட்டது என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்றாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தால் என்ன வந்து விழுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பெரியம்மாவிடம் நான் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால்தான் பெரியப்பா உன் கல்யாணத்துக்கு வந்து முன்னால் நிற்பாராம், இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நம் மானம் போய்விடும் என்றாய். "ஒரே ஒரு வார்த்தைம்மா, உங்களுக்கு என்ன கொறஞ்சிரப் போகுது" என்றாய். கடைசியில், உங்களை அந்த ஆன்லைன் பாடத்தில் சேர்த்துவிட்டதே நான் செய்த தப்பு என்று சொல்லிவிட்டு வைத்தாய். அந்தக் கடைசிப் பேச்சுக்குப் பதில் சொல்லாமல் எனக்கு இன்றைக்கு வேலை ஓடவில்லை.

இதை உனக்கு மட்டும் அனுப்பலாம். அனுப்ப மாட்டேன். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடப் போகிறேன். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உன் பெரியப்பா படிக்கட்டும். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு உன் பெரியம்மா படிக்கட்டும். பழனி, திண்டுக்கல் பங்காளிகள் எல்லாரும் படிக்கட்டும். கல்யாணமாகிப் போகிற மகளுக்கு எழுதும்போது அம்மாக்கள் தங்கள் தப்பையெல்லாம் சொல்லிக் கண்ணைக் கசக்குவார்கள். என் தப்பும் ஒன்று இருக்கிறது, அது அதன் இடத்தில் வரும். முதலில் மற்றவர்கள் செய்தது.

உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நீ பார்த்தது இதுதான். மாசி மாதம் எல்லாரும் பாச்சலூருக்குக் கீழே இருக்கிற நம் குலசாமி கோயிலுக்குப் போவோம். வீட்டுக்கு வந்த மருமகள்கள் எல்லாம் வரிசையாக அடுப்புக் கூட்டிப் பொங்கல் பானை வைப்பார்கள். நான் மட்டும் தள்ளி, பலாமரத்தடியில் நிற்பேன். எல்லாருடைய செருப்பும் என் காலடியில் கிடக்கும், எல்லாருடைய பையும் என் தோளில் தொங்கும். ஆண் பிள்ளை பெறாத மருமகள் பானை வைக்கக் கூடாது என்பது நம் வீட்டு வழக்கம் என்று உன் பெரியம்மா சொன்னாள். நான் கல்யாணமாகி வந்த முதல் மாசியிலேயே சொன்னாள். "ஒரு பையனப் பெத்துட்டு வந்து வையி, யாரு வேண்டாங்கா?" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார்கள். வேறு யாரைக் கேட்க? உன் அப்பாவைக் கேட்டேன். "மதினி சொன்னா சரியாத்தான் இருக்கும், விடு" என்றார். பிறகு நீ பிறந்தாய். உனக்குப் பின்னால் யாரும் பிறக்கவில்லை. நான் பலாமரத்தடியிலேயே நின்றுவிட்டேன்.

அப்புறம் குமாருக்குக் கல்யாணம் ஆகி மீனா வந்தாள். உன் பெரியம்மாவின் சொந்த மருமகள். அவளுக்கும் முதலில் பெண் பிறந்தது. என் பக்கத்தில் அவளும் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். மாமியார் தன் மருமகளையே நிறுத்திவிட்டாள் என்றதும் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது, நிஜமாகவே இது பழைய வழக்கம்தானோ என்று.

இப்போது உன் பாடத்துக்கு வருகிறேன். சீசன் முடிந்து டூரிஸ்ட் வராத நாட்களில் மலைமேல் நம் நாயுடுபுரம் வீட்டில் வாடகைக்கு விடுகிற மாடி அறைகள் சும்மா கிடக்கும், அம்மாவும் சும்மா உட்கார்ந்திருக்கிறாளே என்று நீதான் அந்த லிங்க்கை அனுப்பினாய். கேக் செய்யப் படிப்பேன் என்று நினைத்தாய். நான் பண்பாட்டு மானிடவியல் அறிமுகம் என்று இருந்ததைத் தொட்டுவிட்டேன். மனிதர்கள் ஏன் இப்படியெல்லாம் நடந்துகொள்கிறார்கள் என்று படிக்கிற பாடம் என்று போட்டிருந்தது. இதைவிட எனக்கு என்ன வேண்டும்? நீ விழுந்து விழுந்து சிரித்தாய். படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே காதில் மாட்டிக் கேட்டேன். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம் போட்டுக் குடும்பத்தை வரையச் சொன்னார்கள். ஆராய்ச்சி செய்பவர்கள் ஒரு கூட்டத்தோடு போய்த் தங்கி, அவர்கள் செய்வதையெல்லாம் கூடவே இருந்து கவனிப்பார்களாம். செருப்புக்குக் காவலாக நின்று நான் அதைத்தானே இத்தனை காலமும் செய்தேன் என்று தோன்றியது. டீச்சரம்மா திரையில் வந்து அழகாக, நிதானமாகப் பேசுவார். யாரையும் எடை போடாதீர்கள், கேளுங்கள் என்பார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. அவர் சொன்னதில் பாதியைத்தான் கேட்டேன் என்பது வேறு விஷயம்.

பாடத்தின் நடுவில் ஒரு வேலை கொடுத்தார். உங்கள் குடும்பத்தில் நடக்கும் ஒரு சடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்கிறவர்களிடம் பேசுங்கள், செய்ய விடாமல் நிறுத்தப்பட்டவர்களிடம் பேசுங்கள், விலகிப் போனவர்களையும் தேடிப் போய்ப் பேசுங்கள். இது எப்போதிலிருந்து, யார் சொன்னது என்று கேளுங்கள். இவ்வளவுதான். ஒரு மருமகளுக்கு இதைக் கேட்கத் தோன்றாமல் போய்விடும் பாப்பா. நான் கல்யாணம் பண்ணி வந்ததிலிருந்து "ஏன்" என்று கேட்டிருக்கிறேன், அழுதிருக்கிறேன், சாமியோடு சண்டை போட்டிருக்கிறேன். "எப்போதிலிருந்து" என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

விலகிப் போனவர்கள் என்றதும் பழனி அத்தை ஞாபகம் வந்தது. உன் தாத்தாவின் தம்பி மனைவி, எனக்குச் சின்ன மாமியார். அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை. நிலத் தகராறில் உன் பெரியப்பாவோடு பேச்சு நின்று, நான் வருவதற்கு முன்பிருந்தே அவர்கள் தனியாக வேறு நாளில்தான் சாமி கும்பிட்டு வந்தார்கள். அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. பாடத்துக்காகப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன். போய் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னதும் அத்தை கற்பூரப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"எனக்கு மூணும் பொட்டப்புள்ளதானத்தா? நான் வருசம் தவறாம வச்சுக்கிட்டுதான இருக்கேன். எவ என்னைய நிறுத்துனா?"

"அப்ப மத்தவங்க ஒண்ணும் சொல்லலையா அத்தை?"

"என்னத்தச் சொல்லுவாக? உன் மாமியா என் பக்கத்துல உக்காந்துதான் அரிசி களைவா. இது எந்த ஊரு வழக்கம்? உன்னைய நல்லா ஏமாத்தியிருக்காளுக."

பழனியிலிருந்து மலை ஏறுகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. உன் பெரியம்மாவை எப்படிப் பிடிப்பது என்று மட்டும் யோசித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரமே ஒட்டன்சத்திரம் போனேன். "அக்கா, எங்க காலேஜ்ல நம்ம வழக்கத்தப் பத்தி வெவரம் தெரிஞ்ச பெரியவங்ககிட்டக் கேட்டுட்டு வரச் சொல்லியிருக்காக. உங்கள விட்டா யாருக்கா இருக்கா?" என்றேன். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. போனில் குரல் மட்டும்தான் பதிவாகும் என்று சொல்லியும் கேட்காமல் உள்ளே போய்ப் புடவை மாற்றி, பூ வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். போனை நடுவில் வைத்தேன்.

"பையன் பெறாதவ பானை வைக்கக் கூடாது. ஆதி காலத்துல இருந்து அப்படித்தான்" என்று டி.வி.யில் பேசுகிறவர்கள் மாதிரி ஆரம்பித்தாள்.

"உங்களுக்கு இத யாருக்கா சொன்னா?"

"யாரும் சொல்லணுமா? அதெல்லாம் தெரியுந்தான?"

"நீங்க கல்யாணமாகி வந்த மாசியில பொங்க வச்சீகளாக்கா?"

"வைக்காம? மூத்த மருமகள்ல. என் பானைதான் மொதல்ல பொங்குச்சு, கெழக்காம வழிஞ்சுச்சு. ஊரே குலவை போட்டுச்சு."

"அப்ப குமாரு பொறக்கலையேக்கா."

அவள் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏண்டி, நீ பாடம் படிக்க வந்தியா, பஞ்சாயத்துப் பேச வந்தியா?" என்றாள். நான் டீச்சரம்மா சொல்லிக்கொடுத்தபடி அமைதியாக இருந்தேன். நாம் பேசாமல் இருந்தால் எதிரே இருப்பவர் பேசுவார் என்று அவர் சொல்லியிருந்தார். நிஜம்தான். சற்று நேரத்தில் அவளே பொங்கிவிட்டாள்.

"ஆமா, நாந்தான் சொன்னேன். இப்ப என்னாங்குற? அண்ணந்தம்பி ரெண்டு பேரும் சேந்து மண்டியப் பாப்பாகன்னு இருந்தோம். நீ வந்த, அவன் ஜீப்பு ஓட்டுறேன்னு மலையேறிட்டான். உங்க மாமா ஒத்த ஆளாக் கெடந்து மாரடிச்சாரு. உன்னைய ஒரு எடத்துலயாச்சும் நிறுத்தி வைக்க வேண்டாமா?"

அப்போது மீனாவை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். "அவளுக்கு மட்டும் விட்டா நீ கேக்க மாட்டியா?" என்றாள். எனக்குக் கொடுத்த தண்டனை வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று சொந்தப் பேத்தியின் அம்மாவை மரத்தடியில் நிறுத்தியிருக்கிறாள். உன் அப்பாவை மலைக்கு நான் இழுத்துப் போகவும் இல்லை. மண்டியில் சுமை தூக்குகிறவர்கள் முன்னால் அண்ணன் கேட்ட கேள்வி தாங்காமல் அவராகவே எடுத்த முடிவு அது. அவர் இதை வாய் திறந்து யாரிடமும் சொன்னதில்லை, இப்போது நான் சொல்லிவிட்டேன். உன் பெரியம்மா கொடுத்த காப்பியை முழுவதும் குடித்துவிட்டுத்தான் அன்றைக்குக் கிளம்பினேன்.

எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். டீச்சரம்மா நல்ல மதிப்பெண் போட்டுவிட்டு, இது களக்குறிப்பு மாதிரி இல்லை, குற்றப்பத்திரிகை மாதிரி இருக்கிறது என்று கீழே எழுதியிருந்தார். நம்மை நம்பிப் பேசியவர்களுக்கு நம்மால் கெடுதல் வரக் கூடாது என்று ஒரு தனிப் பாடமே எடுத்தார். மரியாதையாகக் கேட்டுக்கொண்டேன். மனசு ஏற்கவில்லை.

பிறகுதான் உன் கல்யாணப் பத்திரிகையைக் குலசாமி முன்னால் வைத்துப் பொங்கல் பொங்குகிற நாள் வந்தது. உனக்கு லீவு கிடைக்கவில்லை. அன்றைக்கு நடந்ததைக் குமார் உனக்கு ஒரு மாதிரியாகச் சொல்லியிருக்கிறான். நான் சொல்வதைக் கேள். அந்தப் பதிவைப் போட்டுக் காட்டியிருந்தால் ஒரு நாள் சண்டையோடு போயிருக்கும். யாராவது சமாதானம் பேசுவார்கள், அவள் முந்தானையால் முகத்தைத் துடைப்பாள், எல்லாரும் அவள் பக்கம் போய்விடுவார்கள். எனக்கு அது போதாது. அவள் அந்தப் பலாமரத்தடியில் நிற்க வேண்டும். அதுவும் வழக்கம் என்ற பெயரிலேயே நிற்க வேண்டும்.

பழனி அத்தையை முந்தின நாளே வரவழைத்துவிட்டேன். கல்யாணக் காரியத்துக்கு வந்த பெரியவரை உன் பெரியப்பாவாலும் போ என்று சொல்ல முடியாது. காலையில் வெள்ளனே அப்பாவின் ஜீப்பில் கிளம்பினோம். தாண்டிக்குடி தாண்டி ஒரு வளைவில்தான் யோசனை முழுதாக வந்தது. அத்தையிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. உன் அப்பா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, "இதெல்லாம் வேணாம், விடு" என்றார். "நீங்க ரோட்டப் பாருங்க" என்றேன்.

கோயிலில் அடுப்புக் கூட்டுகிற நேரம். உன் பெரியம்மா முந்தானையைச் சொருகிக்கொண்டு, "நீ எப்பயும்போல அங்கிட்டு நில்லு" என்றாள். நான் பெண்டுகள் நடுவில் போய் நின்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னேன். "கல்யாணப் பொங்கல்ல பொண்ணப் பெத்தவ பானைதான் மொத அடுப்புல ஏறணும். பொண்ணு மட்டும் பெத்தவகதான் அன்னைக்குப் பொங்க வைக்கணும். பையனப் பெத்தவக பானையத் தொடக் கூடாது, அங்கிட்டு மரத்தடியில செருப்பப் பாத்துக்கிடணும். அதான் நம்ம வழக்கம்."

உன் பெரியப்பா திரும்பிப் பார்த்தார். "எப்ப இருந்து?" என்றார்.

"ஆதி காலத்துல இருந்து மாமா. மறந்துட்டீகளா?"

"ஆமய்யா, எனக்கு நல்லா நெனவு இருக்கு" என்றார் பழனி அத்தை, கண்ணை மூடிக்கொண்டு. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. தெரியாது என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை பாப்பா. திண்டுக்கல் பங்காளி ஒருவர், பெயர் சொல்லவில்லை, அவரே படித்துக்கொண்டிருப்பார், எங்கள் அப்பா காலத்தில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்று சாட்சியே சொல்லிவிட்டார். பசி நேரம், வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உன் பெரியப்பா தன் மனைவியைப் பார்த்து, "போயி நில்லு, வெரசா சோலிய முடிங்க" என்றார். அவள் வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். இது பொய் என்று சொன்னால் அவள் சொன்ன பொய்யை நான் சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும். போய் நின்றாள். நான் அடுப்பை மூட்டினேன். மீனாவைக் கூப்பிட்டு என் பக்கத்தில் உட்கார வைத்தேன். பழனி அத்தை இந்தப் பக்கம். பானை பொங்கியபோது குலவை போட எனக்கு வரவில்லை. இத்தனை வருஷம் தூரத்தில் நின்று கேட்டதுதானே, போட்டுப் பழக்கமில்லை. உன் பெரியம்மா மரத்தடியில் அழுதாள்; இப்போது என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்வது அந்த அழுகைக்குத்தான். அவளுக்குக் கால் வீங்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு நாற்காலி கொண்டுபோய்ப் போடச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை உன்னிடம் மறைக்க மாட்டேன், அன்றைக்குச் சாப்பிட்ட சோறு மாதிரி நான் என்றைக்கும் சாப்பிட்டதில்லை.

இப்போது என் தப்பு. போன வாரம் மீனா போன் செய்தாள். அவள் மறுபடி உண்டாகியிருக்கிறாள், உனக்குத் தெரியும். சுற்றி வளைத்து என்னென்னவோ பேசினாள். கடைசியில் மெதுவாகக் கேட்டாள், "சின்னத்தை, இது பையனாப் பொறந்துட்டா நம்ம வீட்டுக் கல்யாணத்துல நான் பொங்க வைக்க முடியாதுல்ல? இப்பத்தான் ஒரு தடவ வச்சேன்."

உன் பெரியம்மாவை அடிக்க எடுத்த கம்பு அந்தப் பெண் மேல் விழுந்திருக்கிறது. வயிற்றில் இருக்கிற பிள்ளை பையனாக இருந்துவிடக் கூடாதே என்று அவளை நினைக்க வைத்துவிட்டேன். அவள் மாமியார் ஒரு பக்கம் பயமுறுத்தினாள், நான் இன்னொரு பக்கம். மீனாவிடம் அப்போதே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "எதுக்கு சின்னத்தை?" என்றாள். இதைப் படிக்கும்போது அவளுக்குப் புரியும்.

அதனால்தான் குழுவில் போடுகிறேன். எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். பையனைப் பெற்றவள் பானையைத் தொடக் கூடாது என்பது தாண்டிக்குடி வளைவில் ஜீப்பில் வரும்போது நான் கட்டிவிட்டது. பையனைப் பெறாதவள் தொடக் கூடாது என்பது நான் கல்யாணமாகி வந்தபோது அக்கா கட்டிவிட்டது. அக்கா வாயாலேயே சொன்னது என் போனில் இருக்கிறது, வேண்டுமானால் அதையும் போடுகிறேன். என்னுடையதை நான் எடுத்துவிட்டேன். அவர்களுடையதை அவர்கள் எடுக்கட்டும். ஆதி காலத்தில் கண்ணால் பார்த்ததாகச் சாட்சி சொன்னவர் இனி எதைப் பார்த்ததாகச் சொன்னாலும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பட்டும். வருகிற மாசியில் யார் வேண்டுமானாலும் பானை வைக்கலாம். செருப்பைப் பார்த்துக்கொள்ள ஆண்பிள்ளைகள் நிறையப் பேர் சும்மாதான் நிற்கிறார்கள்.

உன் கல்யாணத்துக்குப் பெரியப்பா வரவில்லை என்றால் வரவில்லை. உன் அப்பா நிற்பார். வாழ்க்கையில் ஒரு தடவையாவது அவர் முன்னால் நிற்கட்டும். மாப்பிள்ளை வீட்டார் ஏன் என்று கேட்டால் இந்தக் கடிதத்தைக் கொடு, மறைக்க ஒன்றும் இல்லை. மன்னிப்பு மட்டும் கேட்கச் சொல்லாதே. ஒரு பானைப் பொங்கலுக்கு ஏன் இந்த ஆங்காரம் என்று நேற்றுக் கேட்டாய் அல்லவா, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

நீ ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தாய். அந்த மாசியில் மற்ற பிள்ளைகளெல்லாம் அடுப்பைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். நீ போகாமல் என் புடவையைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றாய். ரொம்ப நேரம் கழித்து அண்ணாந்து பார்த்து, "நான் பையனா பொறந்திருந்தா நீயும் அங்க போயிருப்பேல்லம்மா?" என்றாய். பிறகு நீ உன் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்த மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு, "சாரிம்மா" என்றாய்.

உனக்கு இது மறந்துவிட்டது. எனக்கு ஒரு நாளும் மறக்கவில்லை. இந்தக் குடும்பத்தில் அந்த வழக்கத்துக்காக இதுவரை மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் நீதான். உன் பெரியப்பாவும் பெரியம்மாவும் மலையேறி வந்து முதலில் உன்னிடம் கேட்கட்டும். நான் கேட்பதைப் பற்றி அப்புறம் யோசிக்கிறேன்.

அம்மா